ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய்: காஷ்மீர்ப் பஷ்மினாவும் அதை நூற்கும் கைகளும்

‘பஷ்மினா’ என்றால் என்னவென்று நம் வளாகத்தில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் கிடைக்கும். அது துடோங்கில் ஒரு வகை. சதுரமாக இருந்தால் பாவால். நீளமாக இருந்தால் பஷ்மினா. என் அறைத்தோழியிடம் மட்டும் பதினான்கு பஷ்மினாக்கள் இருக்கின்றன. வியாழக்கிழமை இரவுச்சந்தையில் மூன்று 25 வெள்ளிக்குக் கிடைக்கும். ஷிஃபான் துணி, பாலியெஸ்டர் துணி, எதுவாயினும் நீளமாக இருந்தால் அதற்குப் பெயர் பஷ்மினாதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளியில் கால் வைத்த நாள் முதல் இந்தச் சொல்லை நான் கேட்டு வருகிறேன். அது ஒரு மலாய்ச்சொல் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

கடந்த பருவத்தில் சிறு வணிகர்களைப் பற்றிய ஓர் இடுபணிக்காக நானும் என் குழுவினரும் கோலாலம்பூரில் சில கடைகளுக்குச் சென்றோம். அவற்றுள் ஒன்று காஷ்மீர்க்காரர் ஒருவருடைய சிறிய கடை. கேள்வித்தாளைப் பூர்த்தி செய்து முடித்தபின், பேச்சை வளர்க்கும் எண்ணத்தில், “பஷ்மினா இருக்கிறதா, அபாங்?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எது வேண்டும், அடிக்? உண்மையானதா, பாசார் மாலாம் பஷ்மினாவா?” என்று மலாயில் திருப்பிக் கேட்டார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என் கையில் வைத்தார். கையில் ஏதோ இருக்கிறது என்பதே தெரியவில்லை. சிறிது நேரத்தில் உள்ளங்கை மட்டும் சூடாகியது. விலை 1,400 வெள்ளி. நான் பழக்கதோஷத்தில், “குறைக்க முடியுமா?” என்றேன். அவர் கோபப்படவில்லை. “குறைக்கலாம். எனக்கு ஒன்றும் நட்டமில்லை. அடுத்த முறை வாங்கும்போது அங்கே குறைத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்” என்றார்.

அந்த ‘அங்கே’ என்ற சொல்தான் இக்கட்டுரைக்குக் காரணம். இடுபணியை ஒப்படைத்த பிறகும் நூலகத்தில் அதைத் தேடிக் கொண்டிருந்தேன். தேடத் தேட, ஆட்டு உரோமத்தின் கதையாகத் தொடங்கியது வரியும் போரும் கூலியுமாக விரிந்தது.

முதலில் ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘பஷ்ம்’ என்பது கம்பளி உரோமத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். இமயமலைக்கு அப்பால், லடாக்கின் கிழக்கே சாங்தாங் என்னும் மேட்டுநிலம் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலான உயரம். குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே முப்பது பாகைக்கும் இறங்கிவிடும். மரம் இல்லை, பயிர் இல்லை. அங்கே சாங்பா எனப்படும் நாடோடி மேய்ப்பர்கள் ஆடு, செம்மறி, யாக் ஆகியவற்றோடு கூடாரம் பெயர்த்துக் கூடாரம் போட்டு வாழ்கிறார்கள். அந்தக் குளிரைத் தாங்குவதற்காக ஆட்டின் முரட்டு மேல்முடிக்கு அடியில் மெல்லிய அடிமயிர் வளர்கிறது. குளிர் போய் வெயில் வரும்போது அது தானாகவே உதிரத் தொடங்கும். அப்போது மேய்ப்பர்கள் ஆட்டின் கால்களைக் கட்டிப் படுக்க வைத்து, நீண்ட பற்களுள்ள சீப்பால் அதை வாரி எடுக்கிறார்கள். செம்மறியைப் போல மழிப்பதில்லை. ஓர் ஆட்டிலிருந்து ஓர் ஆண்டுக்குக் கிடைப்பது சில நூறு கிராம். முரட்டு முடியையும் அழுக்கையும் நீக்கினால் அதிலும் பாதிக்குமேல் போய்விடும். அந்த இழையின் பருமன் 12 முதல் 16 மைக்ரான். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

உலகம் முழுவதும் ‘காஷ்மியர்’ என்று விற்கப்படும் உரோமத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் வருகிறது. லடாக்கின் பங்கு ஒரு விழுக்காடு அளவுதான். பெயர் காஷ்மீருடையது, ஆடு லடாக்குடையது, சந்தையோ வேறு யாருடையதோ! இந்தப் பெயர் விளையாட்டு நம் இரவுச்சந்தையில் தொடங்கியதன்று என்பது குறிப்பிடத்தக்கது.

லடாக்கிலிருந்து உரோமம் ஸ்ரீநகருக்கு வந்து சேர்ந்தபின் அது பல கைகள் மாறுகிறது. பிரிப்பவர், நூற்பவர், பாவு ஓட்டுபவர், சாயம் இடுபவர், நெய்பவர், நெய்த துணியில் பிசிர் நீக்கும் ‘புர்ஸ்கர்’, துவைப்பவர், ஊசிவேலை செய்பவர் என்று வரிசை நீளும். இவற்றுள் நூற்பது பெண்களின் வேலை. அவர்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். உரோமத்தை அரிசிமாவில் புரட்டி ஓரிரு நாள்கள் வைப்பார்கள். மாவு எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் இழுத்துக் கொள்ளும், இழையும் மென்மையாகும். பிறகு மாவை உதறிவிட்டு, ‘யெந்தர்’ என்ற கைராட்டையில் நூற்கிறார்கள். வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை இழையை மேலே இழுக்க, பஞ்சைவிட மெல்லிய அந்தப் பொதியிலிருந்து நூல் வருகிறது. அறுந்தால் முடிச்சுப் போடுவதில்லை. விரலால் தேய்த்துச் சேர்க்கிறார்கள். நூற்ற இரண்டு இழைகளைச் சேர்த்து மீண்டும் முறுக்க வேண்டும். ஒரு சால்வைக்குத் தேவையான நூலை நூற்க வாரக்கணக்கில் ஆகும். வீட்டுவேலைகளுக்கு இடையே செய்பவர்களுக்கு மாதங்களும் ஆகலாம்.

தறியில் ஏறிய பிறகு வேலை ஆண்களுடையது. சாதாரணச் சால்வை சில நாள்களில் நெய்யப்படும். சாய்சதுரக் கட்டங்கள் விழும்படி நெய்வதற்கு ‘சஷ்ம்-ஏ-புல்புல்’ என்று பெயர். புல்புல் பறவையின் கண் என்று பொருள். இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது கனிச் சால்வை. அதில் பூவேலை நெய்த பின் ஊசியால் போடப்படுவதில்லை; நெய்யும்போதே உருவாகிறது. ஊடை நூலை ஒரே நாடாவில் ஓட்டாமல், ஒவ்வொரு நிறத்தையும் ‘தோஜி’ என்ற சிறு மரக்குச்சியில் சுற்றி, நூற்றுக்கணக்கான குச்சிகளைப் பாவில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகக் கோத்துக் கொண்டே போகிறார்கள். எந்த நிறம் எத்தனை பாவு இழைகளுக்கு மேல் போக வேண்டும் என்பதை ‘தாலீம்’ என்னும் குறியீட்டு எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து ஒருவர் உரக்கப் படிக்க, நெய்பவர்கள் அதன்படி குச்சியை நகர்த்துவார்கள். பார்ப்பதற்குப் படமே கிடையாது, எழுத்து மட்டும்தான்! எங்கள் கணினித் துறை நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, “இது நிரல் எழுதுவதுதானே?” என்றான். உண்மைதான். ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள கனிஹாமா என்ற ஊர் இவ்வேலைக்குப் பெயர் போனது. நாளொன்றுக்கு நெய்யப்படுவது சில சென்டிமீட்டர். ஒரு சால்வை முடிய ஓராண்டு, ஈராண்டு, அதற்கு மேலும் ஆகும்.

சரி, இவ்வளவு நுட்பமான கலை என்றால் அதைச் செய்தவர்கள் செழித்திருக்க வேண்டுமல்லவா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 

மொகலாயர் காலத்தில் அக்பர் இச்சால்வைகள்மீது தனி விருப்பம் கொண்டிருந்ததை அபுல் ஃபசல் எழுதியுள்ளார். 1798-இல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பின் பிரான்சில் காஷ்மீர்ச் சால்வைக்கு மோகம் பிறந்தது. பேரரசி ஜோசபின் அவற்றைப் பெரும் எண்ணிக்கையில் சேர்த்து வைத்திருந்தார். உள்ளூரிலோ, ஆப்கானியர் ஆட்சியில் ‘தாக்-ஷால்’ என்று ஒரு வரித்துறையே அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு சால்வைக்கும் வரி செலுத்தி முத்திரை பெற்றால்தான் விற்கலாம். அடுத்து வந்த சீக்கியர் ஆட்சியிலும் அவ்வரி தொடர்ந்தது. அது சால்வை மதிப்பில் 26 விழுக்காடு வரை இருந்தது. உரோமத்திற்காகவே போரும் நடந்தது. மேற்குத் திபெத்தின் உரோம வாணிகத்தைக் கைப்பற்ற 1841-இல் படையெடுத்துச் சென்ற தளபதி சோராவர் சிங் அங்கேயே போரில் மடிந்தார். 1846-இல் அமிர்தசரஸ் உடன்படிக்கையின் வழி ஆங்கிலேயர் 75 இலட்சம் ரூபாய்க்குக் காஷ்மீரைக் குலாப் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். அந்த உடன்படிக்கையில் ஓர் அம்சம் என்னைச் சிரிக்கவும் சினக்கவும் வைத்தது: ஆண்டுதோறும் ஆங்கில அரசுக்கு ஒரு குதிரை, பன்னிரண்டு சால்வை ஆடுகள், மூன்று இணைக் காஷ்மீர்ச் சால்வைகள் கப்பமாகக் கொடுக்க வேண்டும். ஆட்டில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதுகூட எழுதப்பட்டிருந்தது. நாட்டோடு சேர்த்து விற்கப்பட்ட நெசவாளர்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

அந்த நெசவாளர்கள் தொழிலை விட்டு விலகவும் அனுமதியில்லை. மாதம் ஏழெட்டு ரூபாய் ஈட்டியவர் அதில் ஐந்து ரூபாயை வரியாகக் கட்டினார் என்று அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், ஸ்ரீநகரின் சால்டகர் திடலில் சால்வை நெசவாளர்கள் திரண்டார்கள். தாக்-ஷால் அதிகாரியான ராஜ் காக் தர் என்பவருக்குப் பாடை கட்டித் தூக்கிச் சென்றார்கள். ஆயுதம் எதுவும் அவர்களிடம் இல்லை. படைவீரர்கள் அவர்களைச் சுற்றி வளைத்துத் தாக்கினார்கள். தப்பியோடியவர்கள் குறுகிய பாலத்தில் நெருக்குண்டு கால்வாயில் விழுந்தார்கள். 28 பேர் இறந்தனர். மே முதல் நாளைத் தொழிலாளர் தினமாக நாம் கொண்டாடுவதற்குக் காரணமான சிகாகோ நிகழ்வு 1886-இல் நடந்தது. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, கூலிக்காகவும் வரிக்கு எதிராகவும் உயிர்விட்டவர்கள் இந்நெசவாளர்கள். என் பள்ளி வரலாற்று நூலில் தொழிற்புரட்சிக்கு முழு அத்தியாயம் இருந்தது. இதற்கு ஒரு வரிகூட இருந்ததாக நினைவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1870-71-இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டன. பாரிசுச் சந்தை சரிந்தது. ஸ்ரீநகரில் நெய்தவனுக்கு எங்கோ ஐரோப்பாவில் நடந்த போரால் வேலை போயிற்று. அடுத்து 1877 முதல் 1879 வரை கொடும்பஞ்சம். நெசவாளர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள், அல்லது பஞ்சாபுக்குப் பெயர்ந்தார்கள். இதற்கிடையில் ஸ்காட்லாந்தின் பேஸ்லி நகரம் ஜக்கார்டு தறியில் போலிக் காஷ்மீர்ச் சால்வைகளை நெய்து குவித்திருந்தது. நம் பட்டுச்சேலைகளில் மாங்காய் என்கிறோமே, அந்த வடிவத்திற்கு இன்று உலகம் முழுவதும் ‘பேஸ்லி’ என்று அந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர்தான் வழங்குகிறது. பெயர் விளையாட்டு என்று நான் முன்பே சொன்னது இதைத்தான்.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1947 முதல் காஷ்மீரை இந்தியாவும் பாகிஸ்தானும் உரிமை கோரி வருகின்றன. 1989-க்குப் பின் அங்கு ஆயுதக் கிளர்ச்சியும் அதை ஒடுக்கும் படை நடவடிக்கைகளும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயின. அரசியல் தீர்வு எதுவென்று சொல்லும் தகுதி எனக்கில்லை. இக்கட்டுரையின் நோக்கமும் அதுவன்று. நான் பார்க்க விரும்பியது, ஊரடங்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாளில் ராட்டை முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டுமே.

ராட்டை ஊரடங்கிலும் சுற்றும். அதற்கு மின்சாரம் வேண்டாம், வெளியே போக வேண்டாம். அதனால்தான் கலவரக் காலங்களில் பல குடும்பங்களை அது காப்பாற்றியது. கணவனை இழந்தவர்களும், கணவன் காணாமற்போய் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் ‘பாதி விதவைகள்’ என்று அழைக்கப்படும் பெண்களும் அங்கு பலர். அப்படிப்பட்டவருக்கு வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலை பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் நூற்ற நூலைக் கொண்டுபோய்க் கொடுக்க இடைத்தரகர் வர வேண்டும். அவர் வரச் சாலை திறந்திருக்க வேண்டும். சால்வையை விற்கச் சுற்றுலாப் பயணி வர வேண்டும். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் ஜம்மு காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டபோது தொலைபேசியும் இணையமும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் வெளியேற்றப்பட்டார்கள். கைத்தொலைபேசியில் இணையம் 2020 ஜனவரியில் மெதுவான வேகத்தில் மட்டும் திரும்பியது; விரைவு இணையம் 2021 பிப்ரவரியில்தான் வந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு! படம் அனுப்பி, விலை பேசி, பணம் பெற்று வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு வணிகர்களுக்கு அது என்ன நிலை என்று எண்ணிப் பாருங்கள். நம் விடுதியில் அருகலை அரை மணி நேரம் நின்றாலே நாம் போடும் கூச்சலை நான் அறிவேன். அதில் என் குரலும் உண்டு.

மேய்ப்பர்களும் தப்பவில்லை. 1962-ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரையொட்டித் திபெத்திலிருந்து வந்த உரோமம் நின்றுபோனது. 2020-இல் கல்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டுப் படைகளும் மோதிய பின், தங்கள் குளிர்கால மேய்ச்சல் நிலங்களுக்குப் போக முடியவில்லை என்று சாங்பா மக்கள் முறையிட்டார்கள். குட்டி ஈனும் பருவத்தில் புல் உள்ள இடத்திற்குப் போக முடியாவிட்டால் குட்டிகள் பனியில் இறக்கும். எல்லைக்கோடு வரைபடத்தில் எங்கே போகிறது என்பது ஆட்டுக்குத் தெரியாது.

குளிர்காலத்தில் காஷ்மீர் ஆண்கள் சால்வை மூட்டையைத் தோளில் சுமந்து இந்திய நகரங்களுக்குச் சென்று வீடு வீடாக விற்பது நெடுங்கால வழக்கம். 2019 பிப்ரவரியில் புல்வாமாத் தாக்குதலுக்குப் பிறகும், 2025 ஏப்ரல் 22-ஆம் நாள் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும், இவ்வணிகர்கள் சில ஊர்களில் அடிக்கப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். எவனோ செய்த கொடுமைக்குச் சால்வை விற்றவன் அடி வாங்கினான். பஹல்காமுக்குப் பின் பள்ளத்தாக்கிலிருந்து சுற்றுலாப் பயணிகள் கூட்டமாக வெளியேற, உள்ளூர்க் கடைகளும் வெறிச்சோடின.

இவ்வளவையும் படித்தபோது, பஷ்மினாவின் எதிரி போர் ஒன்றுதான் என்று எழுதி முடித்துவிடலாம் எனத் தோன்றியது. ஆனால் கூலிக்கணக்கைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

நூற்கும் பெண்ணுக்குக் கூலி எடைக்கன்று, முடிச்சுக்கு. ஏறத்தாழ 8 முதல் 10 அங்குல நீளமுள்ள பத்து இழைகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்பதுதான் மிக நெடுங்காலம் வழங்கிவந்த கூலி. அரிசி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது. ஒரு ரூபாய் மட்டும் அப்படியே நின்றது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து அங்குலம் என்றே வைத்துக்கொண்டால் ஒரு முடிச்சு நூறு அங்குலம், அதாவது இரண்டரை மீட்டர். நூறு ரூபாய் ஈட்ட மெல்லிய நூலை 250 மீட்டருக்கு நூற்க வேண்டும். நூறு ரூபாய் நம் பணத்தில் ஏறத்தாழ 5 வெள்ளி. ஒரு நாசி லெமாக்கும் ஒரு தேத்தாரேக்கும் போதும், கோழிப்பொரியல் வேண்டுமென்றால் போதாது. 

இந்தக் கூலிக்கு இளம்பெண்கள் ராட்டையைத் தொட மறுப்பதில் வியப்பில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் பலர் அதைக் கைவிட்டார்கள். அந்த இடத்தில் இயந்திரம் வந்தது. ஆனால் தூய பஷ்மினா இழை இயந்திரத்தின் இழுப்பைத் தாங்காது, அறுந்துவிடும். ஆகவே அதனோடு நைலானைக் கலந்து நூற்று, நெய்த பிறகு அமிலத்தில் போட்டு நைலானைக் கரைத்து எடுக்கிறார்கள். அமிலத்தில் இழையும் நலியும். விசைத்தறியில் நெய்து, சில மணி நேரத்தில் முடித்து, அதையும் ‘கைத்தறிக் காஷ்மீர்ப் பஷ்மினா’ என்றே விற்பவர்கள் உண்டு. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாது. மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுவார்கள். மெல்லிய எந்தத் துணியும் நுழையும். ஓர் இழையை எரித்துப் பார்த்தால் தலைமுடி தீய்ந்த நாற்றம் வந்து சாம்பல் பொடியாக உதிர வேண்டும், பாலியெஸ்டர் என்றால் உருகிக் கட்டியாகும் என்பது உண்மைதான். ஆனால் அது கம்பளி என்பதை மட்டுமே காட்டும், கையால் நூற்றதா என்பதைக் காட்டாது.

அதற்காகத்தான் சட்டத்தின் துணை தேடப்பட்டது. 2008-இல் காஷ்மீர்ப் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இழை 16 மைக்ரானுக்கு மிகாத தூய பஷ்மினாவாக இருக்க வேண்டும், கையால் நூற்றதாகவும் கைத்தறியில் நெய்ததாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஸ்ரீநகரில் சோதனைக்கூடம் ஒன்று 2013 முதல் இயங்குகிறது. அங்கே இழையை நுண்ணோக்கியில் பார்த்துத் தகுதி பெற்ற சால்வைக்குத் தனி எண் கொண்ட முத்திரைச்சீட்டு ஒட்டுகிறார்கள். பழைய தாக்-ஷால் முத்திரை வரி பறிப்பதற்காகக் குத்தப்பட்டது. இது போலியைத் தடுப்பதற்காக. 2021-இல் யுனெஸ்கோ ஸ்ரீநகரைக் கைவினைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. 2024-இல் உலகக் கைவினை மன்றம் உலகக் கைவினை நகரம் என்ற தகுதியை அளித்தது. அதே 2021-இல்தான் நம் நாட்டு சொங்கேட்டும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முத்திரையால் கூலி உயர்ந்ததா என்பதே என் கேள்வி. முத்திரை பெற்ற சால்வைக்கு நல்ல விலை கிடைக்கிறது. கையால் நூற்றது என்ற சான்று இருந்தால்தான் அந்த விலை என்பதால், நூற்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்கச் சில வணிகர்களும் பெண்கள் குழுக்களும் முன்வந்திருக்கிறார்கள். காலால் மிதித்துச் சுற்றும் திருத்திய ராட்டையும் வந்திருக்கிறது. அதில் இரு கைகளும் இழைக்கே கிடைப்பதால் ஒரு நாளில் கூடுதலாக நூற்கலாம், தரையில் சம்மணமிட்டு முதுகு வளைத்து உட்காரவும் வேண்டாம். ஆயினும் உரோமத்தைக் கடனாகக் கொடுத்து நூலாக வாங்கிக் கொள்ளும் இடைத்தரகரை நம்பி இருப்பவரே மிகுதி. சால்வையில் ஒட்டப்படும் சீட்டில் அதை நூற்றவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று எழுதுவதில்லை. எழுதினால் என்ன?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மரபுக் கைவினை என்பதாலேயே எல்லாம் காக்கப்பட வேண்டியது என்றும் ஆகாது. ‘ஷாதூஷ்’ என்ற சால்வை பஷ்மினாவைவிட மெல்லியது. அதன் உரோமத்தை வாரி எடுக்க முடியாது. திபெத்திய மான் இனமான சிருவைக் கொன்றுதான் எடுப்பார்கள். அனைத்துலக அளவில் அதன் வாணிகம் 1970-களிலேயே தடை செய்யப்பட்டும், காஷ்மீரில் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2002-இல்தான். தடை சரியானது. ஆனால் அதை நம்பியிருந்த நூற்போருக்கும் நெய்வோருக்கும் மாற்று வேலை உரிய முறையில் அமைத்துத் தரப்படவில்லை என்ற குறையும் உண்மைதான். விலங்குக்கு நியாயம் செய்தபோது மனிதரை மறந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுத எனக்கென்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்டார்கள். காஷ்மீரை நான் பார்த்ததில்லை. என் வாழ்க்கையில் பனியையே பார்த்ததில்லை. என் அம்மா தையல்காரர். வீட்டிலிருந்தே சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது ஆகியவைதான் அவர் தொழில். ஒரு துணிக்கடையிலிருந்து வாரம் இருமுறை சேலைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து போடுவார்கள். ஒரு சேலைக்கு ஃபால்ஸ் தைத்தால் 4 வெள்ளி. நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோதும் 4 வெள்ளி. இன்று நான் இறுதியாண்டு மாணவி, இன்றும் 4 வெள்ளி. அதே கடையில் வாடிக்கையாளரிடம் அதற்கு 15 வெள்ளி வாங்குகிறார்கள் என்பதை, ஒருமுறை தோழியின் சேலையைக் கொடுக்கச் சென்றபோதுதான் அறிந்தேன். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அம்மா விடியற்காலை மூன்று மணி வரை தைப்பார். கூலியை உயர்த்திக் கேளுங்கள் என்றால், “கேட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் அய்யா” என்பார். என்னை ‘அய்யா’ என்றுதான் அம்மா கூப்பிடுவார்.

அந்தக் காஷ்மீர்க்காரர் ‘அங்கே குறைத்துக் கொடுப்பேன்’ என்றபோது என் கண்முன் வந்தது எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் சேலைக்கட்டுதான். போர் இல்லாத நாட்டிலேயே துண்டுக் கூலி இப்படி இறுகிக் கிடக்கிறதென்றால், சாலை அடைபட்ட ஊரில் தரகர் சொன்னதுதானே விலை? கேட்பதற்கு அவளுக்கு இன்னொரு தரகரும் இல்லை, விலையை விசாரிக்க இணையமும் இல்லை. போர் கூலியை நேரடியாகக் குறைப்பதில்லை. பேரம் பேசும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிடுகிறது. இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. என் அம்மாவைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். ஆடு, சீப்பு, அரிசிமாவு எல்லாவற்றையும் தைத்துக்கொண்டே கேட்டார். அரிசிமாவு அவருக்குப் பிடித்திருந்தது. முடிச்சுக் கணக்கைச் சொன்னதும் ஊசியை நிறுத்திவிட்டு, “ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சு போடுவார்களாம்?” என்று கேட்டார். நான் 250 மீட்டர் கணக்கைச் சொன்னேன். அவர் தம் கையிலிருந்த சேலையின் ஓரத்தைச் சாண் போட்டு அளந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து விடுதிக்கு அழைத்தார். கடைக்காரர் கட்டைக் கொண்டுவந்தபோது 6 வெள்ளி கேட்டாராம். கடைக்காரர் முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டுக் கட்டைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார். நான்கு நாள்கள் ஆளே வரவில்லை. அம்மா அந்த நான்கு நாளும் தூங்கவில்லை என்று தம்பி சொன்னான். ஐந்தாம் நாள் கட்டு வந்தது. 5 வெள்ளி தருகிறார்களாம்.

“ஆறுதானே கேட்டீர்கள் அம்மா?” என்றேன்.

“ஆறு கேட்டால்தானே அய்யா அஞ்சு கொடுப்பான்” என்றார். பின்னால் தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.